நாற்பத்தோராவது கையெழுத்து

7 ஜூலை 2024, ஞாயிறு

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்ததும் தலைப்புக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அப்பாடா!

படிவம் ஆறில் வரலாறு எடுத்தவர்கள் ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் பழைய ரயில் நிலையம், கோட்டை, அரண்மனை என்று நூலகத்திலேயே கிடைப்பதை எடுத்துக்கொண்டார்கள். நான் எங்கள் பதினோராங்கட்டைத் தோட்டத்தை எடுத்தேன். 1999இல் தோட்டத்தை விற்றபோது, லயத்து வீடுகளை விட்டு இறங்க மாட்டோம் என்று நாற்பத்தொரு குடும்பங்கள் உட்கார்ந்தன. இரண்டே வாரத்தில் எல்லாம் கவிழ்ந்துவிட்டது. ஏன்? இதுதான் என் கேள்வி.

எங்கள் வரலாற்று ஆசிரியை சிக்கு ரொஹானா தாளைப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார்: "இதுக்குப் பதில் உனக்கு ஏற்கனவே தெரியும்போல இருக்கே?"

தெரியாமல் என்ன? காஹாங்கில் எங்கள் வரிசை வீடுகளில் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சங்கச் செயலாளர் செல்லப்பன் காட்டிக்கொடுத்தான். நிர்வாகத்தோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டான். முடிந்தது கதை. அதை மூவாயிரம் சொல்லில், மலாயில், அடிக்குறிப்போடு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

12 ஜூலை, வெள்ளி

ஒரே நாளில் ஒன்பது பேட்டி! எட்டு வீட்டில் எட்டுக் கோப்பைத் தேநீர். வேண்டாம் என்றால் கோபம் வேறு. வயிறு குளமாகிவிட்டது.

கோயில் தலைவர் ஐயாசாமி மாமாதான் ரொம்ப நன்றாகச் சொன்னார். 14 மார்ச் 1999, ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எல்லோரும் கூடினார்களாம். "தட்டு என் கையிலதான் இருந்துச்சு பாப்பா. குடும்பத்துக்கு ஒருத்தரா நாப்பது பேரு வந்து சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணாங்க. வீட்ட விட்டு எறங்க மாட்டோம், எந்தத் தாள்லயும் கையெழுத்து வைக்க மாட்டோம்னு. அவன் ஒருத்தன் மட்டும் கையக் கட்டிக்கிட்டு நின்னான். நான் பேச்சுவார்த்தைக்குப் போறவன், சத்தியம் பண்ணிட்டு எப்படிப் பேசுறதுன்னு கேட்டான். அப்பவே தெரியும் எங்களுக்கு!"

மார்ச் 28ஆம் தேதி செல்லப்பன் ஆபீசுக்குள் போனான். எல்லோரும் வெளியே நின்று பார்த்தார்கள். வெளியே வந்து, "போட்டுட்டேன்" என்றான். செயலாளர் போட்டால் எல்லோருக்கும் சேர்த்துப் போட்ட மாதிரிதானே? ஒரு வாரத்தில் சாமான் ஏற்ற லோரி வந்து நின்றது. ஒன்பது பேரும் இதையேதான் சொன்னார்கள். சில இடங்களில் சொல் கூட மாறவில்லை. சான்று என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இங்கே குறைந்த விலை வீடுகளுக்கு வந்த பிறகு யாரும் அவன் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைப்பதில்லை. கோயில் திருவிழாவில் நாற்பது குடும்பத்துக்கும் உபயம் உண்டு, அவனுக்குக் கிடையாது. அவன் மனைவி செத்தபோதுகூட யாரும் போகவில்லை என்று அம்மா சொன்னார். சொன்ன பிறகு ஏனோ சோற்றுப் பானையைக் கிளற ஆரம்பித்துவிட்டார்.

கடைசிப் பேட்டி, லோரி ஓட்டும் அப்பா. லோரியில் செம்பனைக் குலைக்கு மேல் போடும் வலையைத் தைத்துக்கொண்டே பேசினார். மூன்று நிமிடம் பத்து விநாடி. "எல்லாரும் சொன்னதுதான். எழுதிக்கோ."

அப்பா எப்பவுமே இப்படித்தான். பேச்சைக் காசு போட்டு வாங்கணும்.

18 ஜூலை, வியாழன்

சிக்கு என் முதல் வரைவைத் திருப்பிக் கொடுத்தார். ஓரமெல்லாம் சிவப்பு.

"ஒன்பது பேர் ஒரே கதையை ஒரே சொல்லில் சொன்னா அது ஒன்பது சான்று இல்ல, ஒரு சான்று. இருபத்தஞ்சு வருஷமா ஒரே கதைய ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க. காகிதம் எங்க? அந்த ஆள் என்ன சொல்றார்?"

அந்த ஆளா? அந்த ஆளிடம் எதற்குக் கேட்க வேண்டும்? திருடனைக் கேட்டுவிட்டா திருட்டை எழுதுவார்கள்?

ஆய்வாளர்கள் பக்கத்திலும் அடி விழுந்தது. நான் இரண்டு பேரைப் படித்திருந்தேன். ஒரு பேராசிரியர், இந்த மாதிரிப் போராட்டங்கள் தோற்றதற்குத் தலைமையின் பலவீனம்தான் காரணம் என்கிறார். இன்னொரு அம்மையார், நிர்வாகம் தொழிலாளர்களைக் கூட்டமாக வைத்துப் பேசாமல் தனித்தனியாக அழைத்துப் பிரித்ததுதான் காரணம் என்கிறார். நான் பேராசிரியரை எடுத்துக்கொண்டு அம்மையாரை ஒரே வரியில் தள்ளிவிட்டேன். "ஏன் தள்ளின?" என்று சிக்கு கேட்டார்.  உண்மையைச் சொன்னால், பேராசிரியர் எங்கள் கதைக்குப் பொருந்தினார். அதனால் அவர் நல்லவர்.

21 ஜூலை, ஞாயிறு

பள்ளி முடிந்து குளுவாங் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள அச்சுக் கடைக்குப் போனேன். எப்போதும் அங்கேதான். கடை எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பிவிட்டால் அந்த அக்கா அச்சடித்து வைத்திருப்பார். என்னைக் கண்டால் "என்ன தங்கச்சி, மறுபடியும் ஹோம்வொர்க்கா?" என்பார்.

இன்றைக்கு அந்தக் கிண்டல் இல்லை. திருத்திய வரைவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"செல்லப்பன நேர்ல பாத்துப் பேசினியா?"

"இல்லக்கா. அவரு யாருகிட்டயும் பேச மாட்டாராம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

"எங்கப்பாதான் அவரு. காஹாங் வீட்ட விட்டுட்டு ரெண்டு வருஷமா என்கூடத்தான் இருக்காரு. வாரம் மூணு நாள் டயாலிசிஸ். சனிக்கிழமை வா, வீட்டுல இருப்பாரு."

அலமாக்! பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. இவ்வளவு நாளாக இந்த அக்காவின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. மலர்.

27 ஜூலை, சனி

அம்மாவிடம் நூலகம் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன்.

எங்கள் வரிசையில் இருந்தவர்தான், ஆனால் அந்த வாசலைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்ளத்தான் எங்களுக்குப் பழக்கம். காட்டிக்கொடுத்தவன் என்றால் எப்படி இருப்பான் என்று நான் நினைத்திருந்தேனோ தெரியவில்லை. ஒல்லியாக, கையெல்லாம் ஊசி போட்டுப் புடைத்துப்போய், கட்டம் போட்ட கைலியில் ஒரு மனிதர். ரெக்கார்டரைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"கையெழுத்து போட்டீங்களா மாமா?"

"போட்டேன்."

"ஏன்?"

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தார். "இதுவரைக்கும் யாரும் வந்து என்கிட்ட ஏன்னு கேட்டதில்ல. நீதான் மொத ஆளு. இந்தா, இதப் படி—" என்று நீட்டியவர், பாதியில் நிறுத்தினார். "நீ யாரு வீட்டுப் புள்ளம்மா?"

"வீரமுத்து மக. ஷர்மினி."

என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "இன்னொரு நாளு தரேன்மா. இன்னிக்கி ஒடம்பு சரியில்ல."

அதற்குப் பிறகு என்ன கேட்டாலும், "அதெல்லாம் பழங்கதை" என்றுவிட்டார். அந்தத் தாளில் என்ன இருக்கிறது? ஏன் ஒளிக்க வேண்டும்?

30 ஜூலை, செவ்வாய்

எழுதிவிட்டேன். இதுவரை எழுதியதிலேயே இந்தப் பத்திதான் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது: 'முதன்மைச் சாட்சி தம்மிடமுள்ள ஆவணத்தைக் காட்ட மறுத்தார். ஆய்வாளர் போராளி ஒருவரின் மகள் என்று அறிந்தபின் மறுத்தது கவனிக்கத்தக்கது. இது அவர் மீதான குற்றச்சாட்டை வலுப்படுத்துகிறது.'

'கவனிக்கத்தக்கது' என்று எழுதியதும் எனக்கே ஒரு பேராசிரியர் களை வந்துவிட்டது.

1 ஆகஸ்ட், வியாழன்

ஐயோ. ஐயோ. பஸ்ஸில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் முழு வரைவையும் அச்சுக் கடை எண்ணுக்கே அனுப்பித் தொலைத்துவிட்டேன். காஹாங் வந்து இறங்கிய பிறகுதான் மூளை வேலை செய்தது. அழிக்கப் போனேன். இரண்டு நீலக் கோடு. படித்துவிட்டார்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். போனேன்.

மலர் அக்கா பதினைந்து பக்கத்தையும் அச்சடித்துத் தைத்து வைத்திருந்தார். அதற்கு மேல் ஒரு நகல். "எங்கப்பாவுக்குத் தெரியாது நான் இதக் குடுக்கிறது. காட்ட மாட்டேன்னுதான் இன்னும் சொல்றாரு. ஆனா நீ எழுதியிருக்கியே தங்கச்சி, அவரு ஒளிக்கிறாருன்னு. இந்தா, எதுக்கு ஒளிச்சாருன்னு நீயே படி." காசு வாங்கிக்கொள்ளவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை.

பஸ் நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் பிரித்தேன்.

வீட்டைக் காலி செய்ய ஒப்புக்கொள்ளும் கடிதம். நாற்பத்தொரு வரிசை. பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து அல்லது கைநாட்டு, தேதி. செல்லப்பன் நாற்பத்தோராவது ஆள். 28 மார்ச். அவருக்கு மேலே நாற்பது பேரும் ஏற்கனவே போட்டிருக்கிறார்கள். 16ஆம் தேதி மூன்று பேர், 17ஆம் தேதி ஐந்து பேர், அப்புறம் ஒன்று, இரண்டு என்று தினமும். சூடத்தை அணைத்து இரண்டே நாளில் ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் பெயர் ஐயாசாமி. தட்டைப் பிடித்தவர்.

ஆறாவது பெயர் வீரமுத்து. அந்த 'வீ'யின் சுழியை எனக்குத் தெரியும். என் தேர்ச்சி அறிக்கையில் ஆரம்பப் பள்ளியிலிருந்து போட்ட கையெழுத்து.

மூன்று பஸ்ஸை விட்டுவிட்டேன்.

5 ஆகஸ்ட், திங்கள்

சத்தியம் செய்யாத ஒரே ஆள் அவர். சத்தியத்தை மீறாத ஒரே ஆளும் அவர்தான்.

9 ஆகஸ்ட், வெள்ளி

அப்பாவோடு லோரியில் போனேன். சின்ன வயதில் லீவு நாளில் போவேன். "என்ன திடீர்னு?" என்று சந்தோஷப்பட்டு, வழியில் கடையில் நிறுத்திக் கறிபாப் வாங்கிக் கொடுத்தார். அதைப் பொட்டலத்தோடு மடியில் வைத்துக்கொண்டேன்.

செம்பனை எண்ணெய் மில் வாசலில் லோரி வரிசை நீளமாக நின்றது. எஞ்சினை நிறுத்தினார். நான் தாளை ஸ்டியரிங் மேல் வைத்தேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தாளைத் தொடக்கூட இல்லை. எங்களுக்கு முன்னால் நின்ற லோரி நகர்ந்தது, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான், அப்பா அசையவில்லை.

"உங்கம்மாவுக்கு அப்ப ஏழு மாசம். உங்கண்ணன் ரூபேன் வயித்துல. ரத்தம் கம்மின்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆபீசுல கணக்கெழுதுற கிராணி ஒவ்வொரு ஆளா பின்பக்கமா கூப்பிட்டான். இப்பப் போட்டா ஆஸ்பத்திரி கார்டு நிக்கும், வீடு நிச்சயம், யாருக்கும் சொல்ல மாட்டேன்னான். நான் ஒருத்தன்தான் போடுறேன்னு நெனச்சேன் பாப்பா. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். நாப்பது பேரு நிக்கிறாங்க, நான் ஒருத்தன் போனா என்ன கெட்டுப்போகும்னு."

உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "சூடம் பட்ட எடம் கன்னிப்போயிருந்துச்சு. அந்தக் கையாலதான் போட்டேன்."

"மத்தவங்களும் போட்டது எப்ப தெரியும்?"

"பணம் எல்லாருக்கும் வந்தப்ப. கொஞ்சம் கொஞ்சமா. யாரும் யாரையும் கேக்கல. கேட்டா நம்மளயும் கேப்பாங்கல்ல?"

"அப்புறம் ஏம்ப்பா அவர் மேல பழியப் போட்டீங்க?"

 கன்னத்தைத் துடைத்துக்கொண்டு எஞ்சினைப் போட்டார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே என்று எரிச்சலாகவும் இருந்தது. அண்ணனுக்காகப் போட்டதை நான் எப்படித் தப்பு என்று சொல்வேன்? போட்டது தப்பில்லைப்பா. போட்டுட்டு இத்தன வருஷம் அந்த மனுஷன் வாசலத் தாண்டி மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனீங்களே, அதுதான்... அதுதான் எனக்குத் தாங்கல.

10 ஆகஸ்ட், சனி

அம்மாவுக்குத் தெரியும். எப்போதோ தெரியும். "உங்கப்பா நல்லவருடி" என்று மட்டும் சொன்னார். நான் இல்லை என்று சொல்லவில்லையே.

15 ஆகஸ்ட், வியாழன்

சிக்குவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 

"இப்பத்தான் உனக்கு உண்மையான கேள்வி கிடைச்சிருக்கு. போராட்டம் ஏன் தோத்துச்சுங்கிறது இல்ல. அவர் துரோகிங்கிற கதை ஏன் எல்லாருக்கும் தேவைப்பட்டுச்சு?"

முடிவுரையைத் தூக்கி எறிந்தாயிற்று. நான் ஒற்றை வரியில் தள்ளிய அம்மையாருக்கு இப்போது இரண்டு பக்கம். தனித்தனியாகக் கூப்பிட்டுப் பிரித்தார்கள் என்று அவர் சொன்னது தாளில் தேதி தேதியாக நிற்கிறது. ஆனால் அவரிடமும் ஒன்று இல்லை. நிர்வாகம் பிரித்ததோடு நிற்கவில்லை, பிரிந்தவர்கள் மறுபடி ஒன்றாக வாழ ஒரு ஆளைப் பலி கொடுத்தார்கள். இதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. அடிக்குறிப்பு போட ஆளில்லை.

உயிரோடு இருப்பவர்களின் பெயரை எழுதக் கூடாது, எண் மட்டும்தான். அப்பா லோரியில் சொன்னதுதான் கட்டுரையிலேயே பலமான சான்று என்கிறார் சிக்கு. ஆனால் ஒப்புதல் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட்டால்தான் அதைச் சேர்க்கலாம்.

கையெழுத்து! போயும் போயும் அதையா கேட்க வேண்டும்?

23 ஆகஸ்ட், வெள்ளி

படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அப்பா படித்தார். பேனாவையும் பக்கத்தில் வைத்திருந்தேன்.

"இது யாரு யாரு படிப்பாங்க?"

"சிக்கு. அப்புறம் தேர்வு வாரியத்துல. பேரு இருக்காதுப்பா. ஆறாவது ஆளுன்னு மட்டும்தான்."

"ஐயாசாமிக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டுமே. அவருதான் மொத ஆளு."

சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டார். படிவம் இப்போது டிவி ரிமோட்டுக்கு அடியில் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. டிவி பார்க்கும்போது ரிமோட்டை மட்டும் பக்குவமாகத் தூக்குகிறார்கள்.

1 செப்டம்பர், ஞாயிறு

மன்னிப்புக் கேட்கப் போனேன். மலர் அக்கா கதவைத் திறந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

புது முடிவுரையைத் தமிழில் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். செல்லப்பன் மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நகலைக் கொடுத்ததற்கு அக்காவுக்கு ஏற்கனவே திட்டு விழுந்திருக்கிறது.

"ஏன் மாமா ஒருத்தருக்கும் காட்டல? ஒரு நாள், ஒரே ஒரு நாள் காட்டியிருந்தா—"

"காட்டியிருந்தா என்னாவும்? நாப்பது வீடும் ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் காறித் துப்பிக்கிட்டு நாலா பக்கம் போயிருக்கும். மெனேஜர் தாளத் திருப்பிக் காட்டுனான். எல்லாரு பேரும் இருக்கு. நான் மட்டும் போடாம என்னத்தப் புடுங்கப் போறேன்? எல்லாருக்கும் ஒரே வரிசையில வீடு குடு, போடுறேன்னு சொன்னேன். அதுவும் அந்தத் தாளோட ஒரு நகலும்தான் கெடச்சுது. பக்கத்துப் பக்கத்து வீட்டுல இருக்கணும்ல, அதுக்கு ஒருத்தர ஒருத்தர் நம்பணும்."

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியும். அவ செத்தப்ப ஒரு பொம்பளகூட வரல. அன்னிக்கி மட்டும் எடுத்துக் காட்டலாமான்னு இருந்துச்சு." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

கிளம்பும்போது கூப்பிட்டார். "ஒண்ணு எழுதுனதுல சரியில்லம்மா. என்ன ரொம்ப நல்லவனா எழுதியிருக்க. நாப்பத்தொண்ணாவது கையெழுத்து என்னுதுதான். அத எடுத்துடாத. நானும்தான் போட்டேன்."

எடுக்கவில்லை. கடைசிப் பத்தியில் அப்படியே இருக்கிறது.

12 செப்டம்பர், வியாழன்

ஒப்படைத்துவிட்டேன். மூவாயிரத்துப் பன்னிரண்டு சொல். பின்னிணைப்பு அட்டவணையில் ஆறாவது வரிசை: 'ஒப்புதல் இல்லை.' அப்பா சொன்ன ஒரு சொல்கூட உள்ளே இல்லை. அவருக்குத் தெரியும், இன்றுதான் கடைசி நாள் என்று. காலையில் ஐந்து மணிக்கே லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

26 செப்டம்பர், வியாழன்

கட்டுரை பற்றிய வாய்மொழித் தேர்வில் சிக்கு கேள்வி கேட்டு முடித்துவிட்டார். 'மிக நன்று' என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு 'மிக நன்று' எனக்கு வேண்டியிருக்கவில்லை.

5 அக்டோபர், சனி

செல்லப்பன் மாமா காலையில் இறந்துவிட்டார். டயாலிசிஸ் நாற்காலியிலேயே. மலர் அக்காவின் செய்தி: 'அப்பா போயிட்டாரு தங்கச்சி.'

எங்கள் வரிசையின் வாட்ஸ்அப் குழுவில் நான்தான் போட்டேன். நாற்பது வீடு இருக்கும் குழு. நீலக் கோடுகள் வந்துகொண்டே இருந்தன. கைகூப்பும் படம்கூட ஒருவரும் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஐயாசாமி மாமா நவராத்திரி பூஜை நேரத்தைப் போட்டார். அதற்குப் பதினேழு பேர் கைகூப்பினார்கள்.

போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று இருந்தது. என்ன மனுஷங்க நீங்கள்லாம்?

6 அக்டோபர், ஞாயிறு

பள்ளிக்குப் போகவில்லை. அம்மா தானாகவே வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். "வா, போலாம்" என்றார். உள்ளே போய் மலர் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். அக்காவின் அம்மா செத்ததற்கும் சேர்த்துத்தான் அழுதார் என்று நினைக்கிறேன்.

காஹாங்கிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான். பெட்டியைத் தூக்க மலர் அக்காவின் கணவரும் அவர் தம்பியும், மிச்சத்துக்கு வெள்ளைச் சட்டை போட்ட சவ ஊர்திக்காரர்கள். கூலிக்குத் தூக்கும் ஆட்கள். நாற்பது பேருக்கு ஒரே வரிசையில் வீடு வாங்கிக் கொடுத்த மனிதருக்கு!

வெளியே வந்தபோது எதிர்ப் பக்கச் சாலையோரம் குலை இறக்கிய காலி லோரி நின்றது. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர்தி அவரைக் கடந்து போனது. தொப்பியைக் கழற்றினார். உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

18 அக்டோபர், வெள்ளி

காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து நின்றார்.

"அந்த ஃபாரம் இருக்கா?"

"கட்டுரை போயிருச்சுப்பா. போன மாசமே. இனிமே சேக்க முடியாது."

"தெரியும். குடு."

கொடுத்தேன். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

20 அக்டோபர், ஞாயிறு

மாமாவின் பதினாறாம் நாள் காரியம். இந்தத் தடவை அப்பாவும் எங்களோடு வந்தார். வேட்டி கட்டியிருந்தார். மலர் அக்கா வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

ஐயர் கிளம்பிய பிறகு, மாமாவின் படத்துக்கு முன்னால் படிவத்தை விரித்து வைத்தார். அக்காவின் கணவர் வீட்டார் பத்துப் பேர் இருந்தார்கள். "ஒரு பேனா குடும்மா" என்று மலர் அக்காவைக் கேட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பதினேழாந்தேதியே நான் போட்டுட்டேன். உங்கப்பாவுக்குப் பதினோரு நாளைக்கு முன்னாடி. சூடத்த அணைச்ச கையாலயே போட்டேன்." பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார். பெயர் வேண்டாம், எண் போதும் என்று நான் அச்சடித்திருந்த இடத்தை அடித்துவிட்டு, 'ம. வீரமுத்து' என்று முழுதாக எழுதினார். 'வீ'யின் சுழி சரியாக வரவில்லை.

மலர் அக்கா படிவத்தை எடுத்துப் படித்தார். மேலிருந்து கீழே ஒரு வரி விடாமல் படித்தார்.

"அப்பா இருந்தப்ப வந்திருக்கலாமே மாமா."

"ஆமாம்மா."

"நீங்க வருவீங்கன்னு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு தட்டு முறுக்கு எடுத்து வைக்கச் சொல்லுவாரு. யாராச்சும் ஒருத்தர் வருவாங்கன்னு."

 அக்கா இலை போட்டார். அப்பா உட்கார்ந்து, போட்டதையெல்லாம் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

படிவத்தை நான் கொண்டு வரவில்லை. அக்கா அதைப் பழுப்பு உறையில், அந்தப் பழைய தாளோடு சேர்த்து வைத்துக்கொண்டார். கட்டுரை தேர்வு வாரியத்தில் எங்கேயோ ஒரு பெட்டியில் இருக்கும். அதில் ஆறாவது வரிசையில் இன்னும் 'ஒப்புதல் இல்லை' என்றுதான் இருக்கும்.